கலப்பினால் வரும் நலம்

பொன்னைப் பற்றிப் பேசுங்கால் மாற்றுக் குறையாமையையே நாம் பெரிதும் போற்றுகின்றோம். பத்தரை மாற்றுத் தங்கம் என்பது நம் நாட்டில் குற்றமற்ற மாந்தர்க்கும் உவமையாய் வழங்குவதொரு தொடர். ஆயினும் பட்டறையிலிருக்கும் தட்டாரைக் கேட்பின் அவர் வேறொன்று கூறுவர். கலப்பற்ற பொன் மிக மெலியது. அதனால் வளையல் செய்தால் நெளியும். கல் பதித்தால் கழன்று விழும். ஆகவே இருபத்து நான்கு பங்கில் இரண்டு பங்காவது செம்பு முதலிய பிறவுலோகம் சேர்ந்தாலன்றி அணி உறுதி பெறாது என்பர். தூய்மை ஒன்று, பயன்படுதன்மை மற்றொன்று. இவ்வுண்மை தட்டார் பட்டறையில் மட்டுமன்றி இக்காலப் பௌதிக ஆராய்ச்சிச் சாலைகளிலும் விளங்குவதைக் காட்டி, அதனின்று மாணவராகிய நாம் கொள்ளத்தக்க கருத்தொன்றையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்கு இப்பொருளிற் புகுதற்கு உரிமை யாது என வினவுவாரும் இருப்பர். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். சென்ற பருவத்தில் ஒரு மாலை, பௌதிக வகுப்பில் பயிலும் எம் நண்பர் ஒருவர் விடுதி முற்றத்துக்கு முகம் வாடி வந்தனர். பட்டம் பெற்றபின் ஆக்ஸைடு மென்படலங்களில் வெள்ளி சேர்த்து அவற்றின் மின்கடத்துந் திறனைத் திருத்தும் ஆராய்ச்சியில் இறங்க விரும்புவதாகத் தம் உறவினர் ஒருவரிடம் கூறினாராம். அவரோ, "பிறர் ஆக்கிய குழம்பிலே உப்பும் புளியும் சேர்ப்பது ஓர் ஆராய்ச்சியா? புதிதாக ஏதேனும் கண்டுபிடி" என்றனராம். இதைக் கேட்டு அங்கிருந்தோர் நகைத்தனர். உண்மையை மறைப்பானேன்? யாமும் நகைத்தோம். நண்பர் ஒன்றும் பேசாது எழுந்து சென்றனர். அவர் சென்றபின் எம் நகைப்பு எமக்கே உறுத்தியது. அறியாத ஒன்றை இகழ்ந்தோம் என்ற நாணத்தால், மறுநாள் அவரிடமே சென்று நூல்களை இரவல் பெற்று, விளங்காத இடங்களை அவரையே வினவி அறிந்தோம். அறிந்ததன் பயனாக எம் கருத்து மாறிற்று. அம்மாற்றத்துக்குரிய காரணங்களை இனி முறையே கூறுவோம்.

செம்புக் கம்பியில் மின்சாரம் செல்லும்போது அதன் ஒரு பகுதி வெப்பமாய் வீணாகின்றது. கம்பி அதனைத் தடுத்தலே காரணம். ஹாலந்து நாட்டு லைடன் நகரிலிருந்த காமர்லிங் ஓனஸ் என்னும் பேராசிரியர் 1908-ஆம் ஆண்டில் ஹீலியம் என்னும் வாயுவைத் திரவமாக்கினர். அத்திரவத்தின் குளிரில் 1911-ஆம் ஆண்டு பாதரசத்தைச் சோதித்தபொழுது, குளிரின் கடையெல்லையைச் சூனியமாகக் கொண்டு எண்ணும் கெல்வின் அளவையில் ஏறக்குறைய 4 பாகையில், அதன் மின்தடை முற்றும் மறைந்தமை கண்டு வியந்தனர். இங்ஙனம் தடையின்றி மின்சாரம் செல்லவிடும் பொருள்களையே மீக்கடத்திகள் என இன்று தமிழில் வழங்குகின்றோம். ஆனால் ஹீலியம் அரியது. அதனைத் திரவமாக்குதல் பெருஞ்செலவுடையது. ஆகவே முக்காலே நூற்றாண்டு இவ்வற்புதம் ஆராய்ச்சிச் சாலைகளின் எல்லையைப் பெரிதும் கடவாதிருந்தது.

1986-ஆம் ஆண்டில் சுவிட்ஸர்லாந்து நாட்டில் பெட்னார்ஸ், முல்லர் என்னும் இருவர், லாந்தனம், பேரியம், செம்பு ஆகியவற்றோடு பிராணவாயு சேர்ந்த ஓர் ஆக்ஸைடு 30 பாகைக்கு மேலும் மீக்கடத்தியாதலைக் கண்டனர். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. 1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்த வூ, சூ என்னும் சீன மரபினரான அறிஞர்களும் அவர்தம் குழுவினரும், லாந்தனத்தை நீக்கி இட்ரியம் என்னும் உலோகத்தை அவ்விடத்தில் வைத்து, 93 பாகை வரை அத்திறன் நிலைக்கும் பொருளைப் பெற்றனர். காற்றில் நிறைந்து கிடக்கும் நைட்ரஜன் 77 பாகையில் திரவமாகும். ஆதலின் ஹீலியத்தின் துணையின்றியே இப்பொருளைப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் நியூயார்க் நகரில் கூடிய பௌதிக அறிஞர் பேரவை நள்ளிரவு கடந்தும் கலையாதிருந்ததாம். மின்சாரம் சிறிதும் வீணாகாத கம்பிகளும், தண்டவாளத்தைத் தீண்டாது விரையும் வண்டிகளும் விரைவில் வந்துவிடும் என்று உலகெங்கும் எழுதினர்.

இனி நிகழ்ந்தது யாது? கம்பியும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. அப்பொருளைப் பொடித்துச் சுட்டு எடுத்த கட்டிகள், நைட்ரஜன் திரவத்தின் குளிரில், ஒரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்புக்குச் சில நூறு ஆம்பியர் மின்னோட்டமே தாங்கின. வீட்டுச் சுவரிலோடும் செம்புக் கம்பியும் ஏறக்குறைய அவ்வளவு தாங்கும். அதற்கு மேற்படின் மீக்கடத்துந் திறன் அழிந்துவிடும். பெயரளவில் அற்புதம், பயனளவில் செம்பு. இதுவே அன்றைய நிலை.

இக்குறைக்குக் காரணம் இரண்டு. முதலாவது மணியெல்லை. கட்டியென்று நாம் காண்பது உண்மையில் பல நுண்ணிய படிகமணிகளின் தொகுதி. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசை நோக்கிக் கிடக்கும். 1988-ஆம் ஆண்டில் டைமோஸ், சௌத்ரி, மன்ஹார்ட் என்போர் செய்த சோதனைகளால், அடுத்தடுத்த இரு மணிகள் தம்முள் சிறிது சாய்ந்திருப்பினும், அச்சாய்வு ஏற ஏற அவற்றினிடையே செல்லும் மின்னோட்டம் விரைந்து குறைந்துவிடுதல் புலனாயிற்று. கால்வாயின் ஒரு பகுதி மற்றொன்றோடு நேர்படாவிடின் நீர் உடைப்பெடுத்து நின்றுவிடுதல் போல என்று இதனைக் கொள்ளலாம். இரண்டாவது காந்தச் சுழல். மின்சாரம் ஓடுமிடத்துக் காந்தப் புலம் உண்டாம். அது இப்பொருளினுள் நூலிழை போன்ற நுண்சுழல்களாய்ப் புகுகின்றது. அச்சுழல்கள் ஓரிடத்து நில்லாது நகருமாயின், அந்நகர்ச்சியால் ஆற்றல் வீணாகி மின்தடை மீளத் தோன்றும். முதற்பிணி மணிகளுக்கிடையே, இரண்டாம் பிணி மணிக்குள்ளே.

கட்டியை விட்டு மென்படலத்தை நாடியது முதல் மருந்து. தக்கதொரு படிகத்தின்மேல் அணுக்களை மெல்லப் படியவைத்தால் அவை கீழுள்ள படிகத்தின் ஒழுங்கையே பின்பற்றி அடுக்கப்பெறும். 1987-ஆம் ஆண்டிலேயே இத்தகைய படலத்தில் 77 பாகையில் சதுர சென்டிமீட்டருக்கு 1 லட்சம் ஆம்பியருக்கு மேல் செலுத்திக் காட்டினர். லேஸர் ஒளியை மீக்கடத்திக் கட்டியின்மேல் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சி ஆவியாக்கிப் படலம் படியவைக்கும் முறையை அவ்வாண்டே இப்பொருளுக்குக் கையாண்ட குழுவில், நம் நாட்டில் கல்வி பயின்று சென்ற வெங்கடேசன் என்பாரும் முதன்மையானவர். பின்னர்ப் படலங்கள் 10 லட்சம் ஆம்பியரையும் கடந்தன. எனினும் படலத்திலும் மணிகளுண்டு, சாய்வுண்டு, சுழல்களுமுண்டு. ஈண்டே உலோகக் கலப்பின் வரலாறு தொடங்குகின்றது.

வெள்ளியை முதலிற் காண்போம். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1993-ஆம் ஆண்டில், வெள்ளி கலந்த இட்ரியக் கட்டியை லேஸரால் ஆவியாக்கிப் படியவைத்த படலங்கள் ஒழுங்கிலும், தாங்கும் மின்னோட்டத்திலும் மேம்பட்டமையை வெளியிட்டனர். இதில் வியக்கத்தக்கது யாதெனின், வெள்ளி அப்படிகத்தின் உறுப்பாவதில்லை. செம்பு, பேரியம், இட்ரியம் என்பவற்றுள் எதன் இடத்தையும் அது எளிதிற் கவர்ந்துகொள்வதில்லை. பிராணவாயுவோடும் அவ்வெப்பத்தில் நிலையாகச் சேர்வதில்லை. படலம் வளருங்கால் உடனிருந்து, வந்து விழும் அணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து அமர்தற்குத் துணைசெய்து, மணிகள் பெரியனவாகவும் நேராகவும் வளர உதவுகின்றது என அறிஞர் கருதுகின்றனர். தன் பணி முடிந்தபின் பெரும்பாலும் ஓரங்களுக்கு ஒதுங்கிவிடுகின்றது. மணவீட்டில் அடுப்படியிலும் பந்தியிலும் ஓயாது உழைத்துவிட்டு, படமெடுக்கும் வேளையில் காணப்படாத உறவினர் ஒருவரை இது எமக்கு நினைவூட்டிற்று.

அடுத்தது கால்ஸியம். மணியெல்லையில் மின்சாரத்தைச் சுமக்கும் துகள்கள் குறைந்திருத்தலே தடைக்கு ஒரு காரணம் என்பதும், இட்ரியத்தின் இடத்தில் சிறிது கால்ஸியம் புகுந்தால் அத்துகள்கள் பெருகும் என்பதும் தெரிந்தன. ஆனால் படலமெங்கும் கால்ஸியம் கலந்தால் மீக்கடத்துந் திறன் தோன்றும் வெப்பநிலையே தாழ்ந்துவிடுகின்றது. நோய் தீர்க்கப் புகுந்த மருந்து உடலை நலிவிப்பது போன்றது இது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் இதற்கொரு வழி கண்டனர். கால்ஸியம் உள்ள ஏடும் இல்லாத ஏடுமாக மாறிமாறி அடுக்கினர். மணியெல்லைகளின் வழியே கால்ஸியம் எளிதில் ஊடுருவுமாதலின், வேண்டிய இடத்தில் அது சேர்ந்தது. வேண்டாத இடத்தில் சேரவில்லை. 77 பாகையிலேயே மின்னோட்டம் உயர்ந்தது.

மூன்றாவது ஸிர்க்கோனியம். இதன் பணி மேலைய இரண்டினும் வேறு. 2004-ஆம் ஆண்டில் மக்மானஸ்-டிரிஸ்கால் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும், பேரியமும் ஸிர்க்கோனியமும் சேர்ந்த ஆக்ஸைட்டைச் சிறிதளவு படலத்திற் கலந்தனர். காந்தப் புலத்தில் படலம் தாங்கும் மின்னோட்டம் சில மடங்கு பெருகிற்று. அக்கலப்புப் பொருள் படலத்தினுள் தானே நுண்தூண்களாய் எழுந்து நிற்பதும் பின்னர் நன்கு ஆராயப்பெற்றது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு செய்தால், அத்தகைய கூறுகளில் ஐந்து முதல் பத்து வரையே அத்தூணின் பருமன். காந்தச் சுழலின் நடுவும் ஏறக்குறைய அத்துணை நுண்மையதே. ஆதலின் கட்டுத்தறியிற் பிணித்த கன்று போல் சுழல் அத்தூணிற் சிக்கி நகராது நிற்கின்றது. படிகத்தின் பழுதற்ற ஒழுங்கு ஈண்டு நன்மை செய்யவில்லை. தக்க இடத்தில் அமைந்த ஒரு பழுதே நன்மை செய்கின்றது. எனினும் தூண்கள் அளவுக்கு மிஞ்சினால் சுற்றியுள்ள படிகம் நெருக்குண்டு அதன் திறன் குன்றும்.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்குவார்க்கு, உப்பும் புளியும் சேர்ப்பது போன்ற எளிய தொழில் அன்று இது என்பது விளங்கும். எதனைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, எவ்விடத்தில் சேர்ப்பது, எவ்வெப்பத்தில் சேர்ப்பது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை காணவேண்டும். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் பயன்படாது போன படலங்கள் எத்துணையோ கிடக்கும். உண்மையில் உப்பும் புளியும் சேர்ப்பதுதானும் எளிதன்று என்பதை எம் விடுதிச் சாப்பாடு நாடோறும் மெய்ப்பித்து வருகின்றது.

இத்தகைய சிறு திருத்தங்கள் பல சேர்ந்து பண்பட்டதன் பயனை இன்று காண்கின்றோம். உலோக நாடாவின்மேல் இவ்வகை ஆக்ஸைட்டை மெல்லேடாகப் படியவைத்து, அதன்மேல் வெள்ளியும் செம்பும் போர்த்து, கிலோமீட்டர்க் கணக்கில் செய்கின்றனர். அவ்வெள்ளிப் போர்வை பிராணவாயுவைத் தன்னூடே செல்லவிடுமாதலின், படலத்துக்கு வேண்டிய பிராணவாயுவை ஊட்டவும் துணைபுரிகின்றது. அமெரிக்காவில் டல்லஹாஸி நகரில் 2017-ஆம் ஆண்டு 32 டெஸ்லா வலிமையை எட்டிய காந்தத்தின் உட்சுருள்கள் இத்தகைய நாடாவால் ஆயவை. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தில், அணுக்களைப் பிணைத்து ஆற்றல் பெறும் முயற்சிக்காகச் செய்த பெருங்காந்தம் ஒன்று 20 டெஸ்லாவை எட்டியது. அதற்கு 267 கிலோமீட்டர் நீள நாடா வேண்டியிருந்தது. 1987-க்கும் 2021-க்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். கண்டுபிடித்தவர்க்குப் பரிசு ஓராண்டில் வந்தது. கண்ட பொருள் பயன்படுதற்கு ஒரு தலைமுறை சென்றது. அத்தலைமுறையில் உழைத்தாருட் பலர் பெயரை நாம் அறியோம்.

ஈண்டு ஒரு தடை எழும். கண்டுபிடித்தல் இல்லையேல் திருத்துதற்குப் பொருள் ஏது? ஆகவே முன்னதே உயர்ந்ததன்றோ எனலாம். கண்டுபிடித்தலை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அதுவும் வானினின்று விழுவதன்று. பெட்னார்ஸும் முல்லரும் எடுத்துக்கொண்ட பொருளின் உறவினவற்றைப் பிரான்ஸ் நாட்டில் ரவோவும் அவர்தம் துணைவரும் முன்னரே செய்து பண்பறிந்து வைத்திருந்தனர். லாந்தனத்தின் இடத்தில் இட்ரியத்தை வைத்ததும் ஓர் உலோகத்தை மாற்றிப் பார்த்ததே அன்றோ? எனவே, புதுமை காண்டலும் கண்டதைப் பண்படுத்தலும் இரு சாதிகள் அல்ல. ஒரே நெசவின் பாவும் ஊடும் என்பதே எம் துணிபு.

மற்றொரு தடையும் உண்டு. எதையேனும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பதே ஆராய்ச்சியாகிவிடின் அது குருட்டு முயற்சியாகாதோ என்பர். இதில் உண்மையுண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தென்கொரிய நாட்டார் சிலர், காரீயப் பொருளொன்றில் செம்பு சேர்த்து, சாதாரண வெப்பத்திலேயே மீக்கடத்தியாகும் பொருளைப் பெற்றதாக அறிவித்தனர். உலகம் மீண்டும் 1987-ஆம் ஆண்டு போல் ஆரவாரித்தது. சில வாரங்களிற் பல நாட்டு ஆராய்ச்சியாளர் அதனைச் செய்து பார்த்து, அது மீக்கடத்தியன்று எனவும், தடை திடீரெனக் குறைந்தது அதிற் கலந்திருந்த செம்புச் சல்பைடு என்னும் மாசினால் எனவும் காட்டினர். ஆக, கலப்பு நலஞ்செய்வதும் உண்டு. நம்மை ஏமாற்றுவதும் உண்டு. சேர்த்த பொருள் எங்கே சென்றது, என்ன செய்தது என்று இறுதிவரை தேடுபவனே ஆராய்ச்சியாளன். ஏமாற்றத்தை வெளிப்படுத்தினோரும் புதிதாக ஒன்றும் காணாதவரே. ஆயினும் உண்மையைக் காத்தவர் அவரே.

இவற்றால் எம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் யாம் பணிவுடன் கூற விரும்புவன இரண்டு. முதலாவது, மாணவரின் ஆராய்ச்சி முயற்சிகளை மதிப்பிடுங்கால் 'புதியதா' என்னும் வினாவோடு நில்லாது, 'கவனமாகச் செய்ததா, முன்னிருந்ததைத் திருத்தியதா' என்னும் வினாக்களையும் கேட்டல் வேண்டும். வெற்றி பெறாத சோதனையையும் அளவு தவறாது குறித்துவைத்த மாணவனுக்கு மதிப்பெண் குறைதல் கூடாது. எந்த அளவு வெள்ளி பயன்படாது என்று அறிவதும் அறிவே. இரண்டாவது, இத்தகைய செய்திகளைத் தமிழில் எழுதவும் பேசவும் விஞ்ஞான மாணவரும் தமிழ் மாணவரும் ஒன்றுகூடல் வேண்டும். யாம் எம் நண்பரைக் கேட்டறிந்த இரண்டு வாரங்களில், அவர் விளக்கத் தடுமாறிய இடங்களில் எமக்குச் சொல் கிடைத்தது. யாம் சொல்லால் மயங்கிய இடங்களில் அவர் பொருளைக் காட்டினர். இருவரும் தனித்தனியே இதனை எழுதியிருத்தல் இயலாது.

எம் நண்பர் தம் விண்ணப்பத்தை எழுதி முடித்து இன்னும் அனுப்பாமல் மேசைமேல் வைத்திருக்கின்றனர். அனுப்புவதும் அனுப்பாததும் அவர் விருப்பம். ஆனால் எம் நகைப்பை எண்ணி அவர் தயங்குவாராயின் அப்பிழை எம்முடையது. உலகுக்கு ஒரு புதுப்பொருளை அளித்தார் என்ற புகழ் அவருக்கு வாராமற் போகலாம். தாம் வளர்த்த படலத்தில் ஒரு மணி அடுத்த மணியோடு சற்றே நேர்பட நிற்குமாறு செய்தார் என்ற மனநிறைவு வரலாம். அதனினும் மேலானதொன்றை யாம் அவருக்கு விரும்பவில்லை. முற்றத்தில் அன்று நகைத்ததற்கு, அம்முற்றத்தார் அனைவரும் படிக்கும் இவ்விதழிலே இதனை எழுதி, அவர்பால் பொறுத்தருள வேண்டுகின்றோம்.